துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

பெட்டியில் இருந்த குழந்தைக்குப் பல்லைக் காணோம்.

கந்தவேல் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரம் முழுக்க ஆள் பேசுவது ஆளுக்குக் கேட்காத அவருடைய பனியன் கம்பெனியில் அன்றைக்கு ஈ பறப்பதுகூடக் கேட்டது. புதுத் துணி வாசமும், தையல் மெஷின் எண்ணெயும், அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளின் பசை நாற்றமும் பூட்டிய ஜன்னல்களுக்குள் கலந்து கனத்துக் கிடந்தன. சாப்பிட்ட சோறு வேறு கண்ணை இழுத்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள் எழுத்தில் ‘குட்டிமயில் பேபி வேர்’ என்று போட்ட பெட்டி. கையில்லாத வெள்ளைப் பனியனோடு உட்கார்ந்து சிரிக்கிற கைக்குழந்தை. கீழ் ஈறில் அரிசி முனை போல இரண்டு பல் இருக்க வேண்டும். வாய் திறந்திருந்தது, சிரிப்பு இருந்தது, பல் மட்டும் இல்லை.

“அச்சாபீஸ்காரன் தூங்கிட்டே ஓட்டியிருக்கான்” என்று திட்டிக்கொண்டே அடுத்த பெட்டியை எடுத்தார். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ரேக்கின் அடியில் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டி ஒன்றை இழுத்தார். அது வேறு அச்சாபீஸில், எப்போதோ அடித்தது. துடைத்துப் பார்த்தார். பொக்கை வாய்தான்.

எரிச்சல்தான் முதலில் வந்தது. பயம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

அந்தக் குழந்தை வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகள் சண்முகப்பிரியா. திருப்பூர்ப் பக்கம் குழந்தைத் துணி போடுகிறவர்கள் பெட்டிக்குப் படம் வேண்டுமென்று வெளியே அலைவதில்லை. அந்த வருஷம் வீட்டில் எந்தக் குழந்தை இருக்கிறதோ அதற்கு ஒரு பனியனை மாட்டி, தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது. அப்படி எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பெட்டியில் சிரித்துக்கொண்டிருக்க, அவர்கள் மட்டும் வளர்ந்து கல்யாணம் கட்டிப் போயிருப்பார்கள். பிரியா இப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். இன்றைக்கு ஊருக்கு வருகிறாள். அவள் வருகிறாள் என்பதற்காகவே அவருடைய மனைவி அமராவதி காலையிலிருந்து மேல்மாடி வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

கந்தவேலுக்கு அன்றைக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டரை அழித்துக் கொடுக்க வேண்டும். அயர்னிங் மாஸ்டர் சசிகுமாரின் மகள் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், படிப்புக்குக் கேட்டாள், தருவதாகச் சொல்லியாயிற்று. சாயங்காலம் வந்து எடுத்துப் போகச் சொல்லியிருந்தார். கொடுப்பதில் அவருக்குக் கஞ்சத்தனம் கிடையாது. ஆனால் சூடு கண்ட பூனை அவர். முன்பொரு தடவை இப்படித்தான் ஒரு கம்ப்யூட்டரை ஃபைலையெல்லாம் டெலிட் செய்துவிட்டுத் தூக்கிக் கொடுத்தார். எவனோ உள்ளே கையை விட்டு, அழித்ததையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டான். அடுத்த தீபாவளிக்குள் காதர்பேட்டைக் கடைகளில் வேறு பெயரில் பெட்டி தொங்கியது. அதே பனியன், அதே சிரிப்பு, தன் வீட்டுப் பிள்ளை அடுத்தவன் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவர் பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான் கம்ப்யூட்டர் கடை அருள்செல்வனைக் கூப்பிட்டு ஒரு பென்டிரைவ் வாங்கி வைத்திருந்தார். அதைச் சொருகி ஆன் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதி நிரப்பிவிடுமாம்.

“ஒரு தடவை ஓட்டுனாப் போதுமுங்க” என்று அருள்செல்வன் சொல்லியிருந்தான்.

“ஏழு தடவைன்னு ஒண்ணு இருக்குதே?”

“அது மிலிட்டரிக்காரங்க பண்றதுங்க. நமக்கெதுக்குங்க?”

“ஏழையே போடறேன். அந்தப் புள்ளையோட தடமே அதுல இருக்கக் கூடாது.”

அமராவதியும் காலையில் இட்லி வைக்கும்போது கேட்டாள். “ஏனுங்க, பாப்பாவோட சின்னதுல எடுத்த போட்டோவெல்லாம் அதுலதான கெடக்குது? எடுத்து வெச்சுட்டீங்களா?”

“ஆச்சு ஆச்சு” என்றார். ஆகவில்லை. கம்பெனிக் கணக்கைப் புது லேப்டாப்புக்கு மாற்றவே பொறுமை தீர்ந்து போயிருந்தது. ஆளே முழுசாக இருக்கும்போது போட்டோ எதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

மூலையில் ஆபீஸாக வைத்திருந்த கண்ணாடி ரூமுக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. காலையில் போட்டது, இன்னும் பாதிகூட ஆகவில்லை. சாமி ஊர்வலம்கூட இதைவிட வேகமாகப் போகும். டேபிளுக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஏதோ பல்லைக் கடிப்பது போல நறநறவென்று சத்தம் வந்தது. பழைய டிஸ்க், அப்படித்தான் இருக்கும். சசிகுமார் வந்து நிற்கப் போகிறான், இது இழுத்துக்கொண்டு கிடக்கிறதே என்று முனகினார்.

போன் அடித்தது. பிரியா.

“அப்பா, பஸ் ஏறிட்டனுங்க. இந்தக் கண்டக்டரு என்னயக் கண்டுக்கவே மாட்டீங்கறாரு. எல்லாருகிட்டயும் டிக்கெட் கேட்டுட்டு என்னயத் தாண்டிப் போயிட்டாரு.”

“கூட்டமா இருக்கும் கண்ணு. சத்தமாக் கூப்புடு.”

“கத்திட்டனுங்கப்பா. ஆருமே திரும்பிப் பாக்கலீங்க.”

“செரி, வருவாரு, கையில காசை வெச்சுட்டு இரு.” நறநற சத்தத்தில் அவளுடைய குரல் சரியாகக் கேட்கவில்லை. “எறங்குனதும் கூப்புடு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது பெட்டிக் குழந்தைக்குத் தலைமுடி இல்லை.

நெற்றிக்கு மேல் இருந்த பூனைமுடிச் சுருள் போய், தலை வழவழவென்று மொட்டையாக இருந்தது. சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்த அத்தனை பெட்டியிலும் மொட்டைத் தலைகள். கந்தவேல் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சுரண்டிய தடம் இல்லை, மை கரைந்த அடையாளம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது புருவம் நுனியிலிருந்து மெல்ல உள்வாங்கியது. புடவைக் கரையில் பிரிந்த நூலை யாரோ மறுபக்கமிருந்து இழுப்பது போல.

பெட்டியைக் கீழே போட்டார்.

அட்டை வெயிலில் வெளிறும், அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் கண்ணெதிரில் வெளிறாது. கண்ணாடி ரூமுக்குள்ளிருந்து நறநறவென்ற அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு கடி. சுவரில் ஒரு புருவம். இன்னொரு கடி. இன்னொரு புருவம். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. உறைத்ததும், ‘சீ, பைத்தியக்காரத்தனம்’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே ஓடினார்.

எஸ்கேப் பட்டனை அமுக்கினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்கினார். ஊர்ந்தது. பென்டிரைவைப் பிடுங்கினார். ‘நிறுத்த முடியாது’ என்றுகூட அது சொல்லவில்லை. அவர் அங்கே இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. “நில்றா, நில்லுன்னா!” என்று டேபிளைக் குத்தினார். இத்தனை வருஷம் சின்ன வேலைக்கெல்லாம் பாதியில் நின்று கழுத்தை அறுத்த கம்ப்யூட்டர், இன்றைக்கு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

பிளக்கைப் பிடுங்கினார். யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது. அதையும் அணைத்தார். திரை இருண்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

நறநற.

விளக்கில்லாத பெட்டிக்குள் சத்தம் நிற்கவில்லை.

போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, நம்பரும் இல்லை. வெறுமனே அடித்தது.

“அப்பா.” பிரியாதான். அழுகிற குரல். “ஒரு அம்மா வந்து என்ற மேலயே உக்காந்துட்டாங்க. நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியவே இல்லீங்க. நான் வழுகி வெளிய வந்துட்டனுங்கப்பா, அவங்க பாட்டுக்கு ஜன்னலத் தொறக்கறாங்க. எனக்கு என்னமோ பண்ணுதுங்க.”

“கண்ணு, பயப்படாத. அப்பா இருக்கறேன். நீ எங்க இருக்கற, சொல்லு.”

“ஜன்னல் கண்ணாடியில எல்லாரும் தெரியறாங்க. நான் தெரியலீங்க.”

லைன் போய்விட்டது. திரும்ப அழைக்கப் போனால் வந்த அழைப்பே போனில் இல்லை. ‘பிரியா’ என்று தேடினார். அப்படி ஒரு பெயர் அதில் இல்லை.

அருள்செல்வனைக் கூப்பிட்டார். பின்னால் கல்யாண மண்டபத்து மேளச் சத்தம்.

“தம்பி, அழிச்சதத் திரும்பக் கொண்டாரோணும். இப்பவே.”

“அதெப்படிங்கண்ணா? டெலிட் பண்ணுனதுன்னா எடுத்துரலாம். இது மேல மேல எழுதறதுங்க. போனா போனதுதான். அதுக்குத்தானுங்க நீங்க ஏழு கேட்டீங்க.”

“கரண்டைப் புடுங்கியும் ஓடுதுப்பா!”

“விளையாடாதீங்கண்ணா” என்று சிரித்தான் அவன். மேளம் உச்சத்துக்குப் போனது. வைத்துவிட்டான்.

ஸ்குரூ டிரைவரைத் தேட நேரமில்லை. துணி வெட்டும் கத்தரியால் நெம்பிக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைப் பிய்த்தார். விரல் கிழிந்தது. உள்ளே கையை விட்டு வயர்களைக் கொத்தாகப் பிடுங்கி, டிஸ்க்கை வெளியே இழுத்தார். ஒரு சோப்பு டப்பா அளவுதான். எந்த வயரும் இல்லாமல் அவர் கையில் அது அதிர்ந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது.

தரையில் அடித்தார். மறுபடியும் அடித்தார். தகரம் நசுங்கியது.

நறநற.

டிஸ்க்கை விசிறிவிட்டு வெளியே வந்து, பெட்டிகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். முகங்கள் போய்விட்டன. சுவர் முழுக்கப் பனியன்கள் உட்கார்ந்திருந்தன. தோள் புடைத்து, வயிற்றுப் பக்கம் மடிப்பு விழுந்து, உள்ளே ஒரு குழந்தை இருந்தால் எப்படி உட்காருமோ அப்படி. கழுத்துத் துவாரத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

இல்லை, ஒன்று இருந்தது. கன்னம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

அமராவதி வைத்த திருஷ்டிப் பொட்டு அது. போட்டோ எடுத்த அன்றைக்குக் கன்னத்தில் மையை அப்பி அனுப்பியிருந்தாள். முதல் பெட்டி அடித்துக் கொண்டுபோனால் கடைக்காரர்கள் எல்லாரும் அதைச் சுரண்டிப் பார்த்தார்கள். கறை என்றார்கள். பனியன் தொழிலில் ஒரு புள்ளி இருந்தால் பீஸ் கழிவு, பெட்டியில் மட்டும் அது எப்படி இருக்கலாம்? அவரே இந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பொட்டை அழித்தார். ஊர்க் கண்ணெல்லாம் படுற படத்துல போய் அதை எடுப்பாங்களா என்று அமராவதி வெகு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்குப் போன பொட்டு இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் அந்தரத்தில் நின்றது. அதைத் தவிர வேறெதுவும் நிற்கவில்லை.

“அமராவதி!” மாடிப்படியில் ஏறினார். “அமராவதி, பிரியா பேசுனாளா? உனக்குக் கூப்புட்டாளா?”

அவள் அடுப்படியில் பலகாரத் தட்டைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏனுங்க, இன்னிக்கு ஆரு வர்றாங்கன்னு இத்தனை முறுக்குச் சுட்டேன் நானு?”

“பிரியா வர்றா. நம்ம பிரியா.”

“எந்தப் பிரியாங்க?”

“உன்ற மகடி!”

அவள் முகம் மெல்ல மாறியது. கோபமில்லை. பிள்ளையில்லாத ஒருத்தியிடம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாததைச் சொன்னது போன்ற பார்வை. “இந்த வயசுல எதுக்குங்க இப்படிப் பேசறீங்க?” என்றாள். கண் கலங்கியது. “பூண்டி முருகனுக்கு எத்தன வெரதம் இருந்தோம். குடுத்து வைக்கல. விடுங்க.”

கந்தவேல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். “நல்லா நெனைச்சுப் பாரு. சண்முகப்... சண்முகப்...”

மீதி வரவில்லை.

இப்போதுதானே சொன்னோம். இரண்டாவது பாதி. நாக்கு மேலேயே இருந்தது. சாமி பேர் வைத்தோம், பின்னால் ஒன்று சேர்த்தோம். என்ன சேர்த்தோம்?

கீழே ஷட்டர் கிரீச்சிட்டது.

படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினார். மேற்கு ஜன்னலில் வெயில் சிவந்து, கம்பெனி முழுக்கச் செம்மண் நிறத்தில் கிடந்தது. ஷட்டரின் பாதித் திறப்பில் குனிந்து ஒரு பச்சைச் சுடிதார் உள்ளே வந்தது. வந்து நிமிர்ந்தது. துப்பட்டா ஊக்கு குத்தியபடி தோளில் இருந்தது. கீழே இரண்டு செருப்பு. கழுத்துப் பட்டிக்கு மேலே ஷட்டர் தகடு தெரிந்தது.

வலது கை மெல்ல உயர்ந்தது. கை இல்லை. சட்டைக்கை உயர்ந்தது.

“அப்பா” என்றது. பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலிருந்தது. “நான் தெரியறனுங்களா?”

“தெரியற கண்ணு” என்றார். பொய். “தெரியற சாமி. இங்க வா.”

ஒரு அடி வந்தது. இன்னொரு அடி. செருப்பில் ஒன்று கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது. தோள் தளர்ந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். அவருக்குக் கால் எழவில்லை. பெற்ற பிள்ளைதான், ஆனால் கட்டிக்கொண்டால் உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு கணம் நின்றார். அந்த ஒரு தயக்கம். அவ்வளவுதான்.

கண்ணாடி ரூமில் சத்தம் நின்றது.

சுடிதார் நின்ற இடத்திலேயே தொய்ந்து கட்டிங் டேபிள் மேல் சாய்ந்தது. பின்னாலேயே வந்த அமராவதி அதைப் பார்த்தாள்.

“ஆரு இதை இங்க போட்டது? புதுசாட்டமே இருக்குது.” தோளில் பிடித்துத் தூக்கி ஓங்கி ஒரு உதறு உதறினாள். டேபிளில் விரித்தாள். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து மடித்து மடித்துப் பழகிய கை. நெஞ்சுப் பக்கம் நீவினாள். சட்டைக்கை இரண்டையும் முதுகுப் பக்கம் திருப்பினாள். ஒன்று திரும்பி வந்தது. அவள் கவனிக்கவில்லை, மறுபடி திருப்பி உள்ளங்கையால் அமுக்கினாள். ஏதோ முறிகிற மாதிரி மெல்லிசாய் ஒரு சத்தம். இடுப்பில் ஒரு மடிப்பு. கழுத்தைச் சேர்த்து இன்னொரு மடிப்பு.

“வேண்டாம்” என்றார் கந்தவேல். வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

“அண்ணா, வரலாமுங்களா?” சசிகுமார் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். கண்ணாடி ரூமில் கிடந்த கோலத்தைப் பார்த்துத் திகைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. “டிஸ்க் வேற போட்டுக்கறனுங்க, பரவால்லீங்க” என்று பெட்டியையும் திரையையும் கயிறு போட்டுப் பைக்கில் கட்டினான்.

“இருங்க, வெறும் கம்ப்யூட்டரை மட்டும் குடுத்து அனுப்பறதா?” அமராவதி சுடிதாரைப் பாலிபேக்கில் நுழைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பைக் கிழித்து வாயை ஒட்டினாள். “உங்க புள்ளைக்கு அளவு செரியா இருக்குமுங்க. ஊட்ல போட ஆளில்ல.”

சசிகுமார் இரண்டு கையாலும் வாங்கினான். கந்தவேல் பாய்ந்து பையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது.

“ஏனுங்க!” அமராவதி கூசிப் போனாள். “குடுத்ததப் புடுங்குவாங்களா? அவரு என்ன நெனைப்பாரு?”

சசிகுமாரின் முகம் சுருங்கியதைக் கந்தவேல் பார்த்தார். எதற்காகப் பிடித்தோம்? காரணம் ஒன்று இருந்தது. பெரிய காரணம். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். என்ன பெயர்? தன் மீதே கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. விரல்கள் தாமாகவே நெகிழ்ந்தன.

“எடுத்துட்டுப் போங்க” என்றார்.

பைக்கின் முன்பக்கம், டேங்க் மேல் வைத்து முழங்கால்களால் பையை இடுக்கிக்கொண்டான் சசிகுமார். கிளப்பினான். உதைத்ததும் வண்டி ஒரு முறை இருமி நின்றது. மறுபடி உதைத்தான்.

கந்தவேல் வாசலில் நின்று பையையே பார்த்தார். பிளாஸ்டிக்கின் உள்பக்கம், மடித்த கழுத்துப் பட்டிக்கு மேலே, காசளவுக்கு ஆவி படிந்திருந்தது. ஈரத்தோடு பேக் செய்தால் பீஸ் பூசணம் பிடிக்குமே, அமராவதிக்கு இதுகூடத் தெரியாதா என்று எரிச்சலாக இருந்தது. ஆவி மறைந்தது.

வண்டி நகர்ந்தது. பிளாஸ்டிக்கில் மறுபடியும் படிந்தது, இந்த முறை வேகமாக.